ஹார்ஸ்பவர் எவ்வளவு முக்கியம்? கார் ஒப்பிடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கார் வாங்கப் போகிறவர்கள் இரண்டு பிரோஷரை அருகருகே வைத்துக்கொண்டு கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் நான்கு கேள்விகளை வரிசையாகப் படித்துவிடுங்கள், பின்னால் வருபவை அவற்றை நம்பித்தான் நிற்கின்றன. கணக்குகளில் வரும் எண்கள் கம்பெனிகள் வெளியிட்டவை. எடை, காற்றுத் தடை போன்றவை முழு எண்ணாக்கப்பட்ட தோராயங்கள்.

1. ஹார்ஸ்பவர்னா என்னங்க? குதிரைக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?

வேலை எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதன் அளவுதான் ஹார்ஸ்பவர். 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்க முடிந்தால் அது ஒரு மெட்ரிக் ஹார்ஸ்பவர். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினை விற்க, அது எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அப்படி வந்த அளவு இது. விற்பனைக்காகப் பிறந்த எண் இன்றைக்கும் விற்பனைக்கே அதிகம் பயன்படுகிறது.

2. ஒரு சைட்ல பிஹெச்பி, இன்னொண்ணுல பிஎஸ், ஆர்சி புக்ல கிலோவாட். எதை நம்பறது?

மூன்றும் ஒன்றைத்தான் சொல்கின்றன, அலகு மட்டும் வேறு. பிஎஸ் என்பது மேலே சொன்ன மெட்ரிக் ஹார்ஸ்பவர்தான். 100 பிஎஸ் என்றால் 98.6 பிஹெச்பி, அதாவது 73.5 கிலோவாட். இப்போதைய ஸ்விஃப்ட் பெட்ரோலை ஒருவர் 60 கிலோவாட் என்பார், ஒருவர் 80.5 பிஹெச்பி என்பார், மற்றவர் 81.6 பிஎஸ் என்பார். கார் ஒன்றுதான். ஒப்பிடும் முன் இரண்டு காரின் எண்ணையும் ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள். கிலோவாட்டை 1.36-ஆல் பெருக்கினால் பிஎஸ் வந்துவிடும். இங்கே எல்லாவற்றையும் பிஎஸ்ஸில்தான் சொல்கிறோம்.

3. பவர் முக்கியமா, டார்க் முக்கியமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இரண்டும் தனித்தனிச் சரக்கு அல்ல. எஞ்சின் தண்டைத் திருகும் விசை டார்க். அந்தத் திருகல் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) நடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால் பவர். கணக்கு எளிது: டார்க்கை (நியூட்டன் மீட்டர், சுருக்கமாக என்எம்) ஆர்பிஎம்மால் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் அந்த ஆர்பிஎம்மில் கிடைக்கும் பிஎஸ். பிரோஷரில் அச்சாகும் பவர், இந்தக் கணக்கு உச்சத்தைத் தொடும் ஒரே ஒரு புள்ளி மட்டுமே.

2018 முதல் 2020 வரை விற்ற ஸ்விஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் 6,000 ஆர்பிஎம்மில் 83 பிஎஸ், 4,200-ல் 113 என்எம். டீசல் 4,000-ல் 75 பிஎஸ், 2,000-ல் 190 என்எம். காகிதத்தில் பெட்ரோல்தான் பலசாலி. ஆனால் 2,000 ஆர்பிஎம்மில் டீசல் 54 பிஎஸ் தருகிறது. பெட்ரோல் தன் உச்ச டார்க்கையே அங்கே கொடுத்தாலும் 32-ஐத் தாண்டாது, நிஜத்தில் அதைவிடக் குறைவு. டீசல் காரின் எடை ஏறத்தாழ 100 கிலோ கூடுதல். அப்படி இருந்தும் கியர் மாற்றாமல் மிதித்தால் டீசல்தான் பாய்ந்தது.

அதே பெட்ரோல் எஞ்சினை 5,500-க்கு மேல் சுற்றவிட்டு ஓட்டுபவர் அந்த 83-ஐ முழுதாக வாங்கிக்கொள்வார், அவரை டீசல்காரர் எளிதில் முந்த முடியாது. அப்படி ஓட்டுபவர்கள் எத்தனை பேர்? நகரத்தில் நம்மில் பெரும்பாலோர் 3,000 ஆர்பிஎம்மைத் தாண்டுவதே இல்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, நீங்கள் ஓட்டும் ஆர்பிஎம்மில் எத்தனை பிஎஸ் கையில் இருக்கிறது என்பதே.

4. ஹோண்டா சிட்டி 121 பிஎஸ், விர்டஸ் 1.0 டிஎஸ்ஐ 115 தான். ஆனா விர்டஸ்தான் பிக்கப்னு சொல்றாங்களே?

மூன்றாவது கேள்வியின் கணக்கையே இங்கேயும் போடுங்கள். சிட்டியின் 1.5 லிட்டர் எஞ்சின், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இல்லாதது: 6,600 ஆர்பிஎம்மில் 121 பிஎஸ், 4,300-ல் 145 என்எம். ஃபோக்ஸ்வாகன் விர்டஸின் 1.0 லிட்டர் டர்போ எஞ்சின் 178 என்எம் தருகிறது, அதுவும் 1,750-லிருந்து 4,500 வரை சமமாக. 2,000 ஆர்பிஎம்மில் விர்டஸுக்கு 51 பிஎஸ். சிட்டிக்கு அதிகபட்சம் 41. சிட்டி தன் டார்க்கின் உச்சியில் இருக்கும் 4,300-ல்கூட அதற்கு 89, விர்டஸுக்கு 109.

5,500-க்கு மேலேதான் நிலைமை தலைகீழாகிறது. டர்போ எஞ்சின் அங்கே மூச்சு வாங்க, சிட்டி 6,600 வரை பவரை ஏற்றிக்கொண்டே போகிறது. கியரைச் சரியாகப் பிடித்து, ஆர்பிஎம் ஊசியை மேலேயே வைத்து ஓட்டினால் சிட்டி பின்தங்காது. குடும்பத்தோடு போகும்போது எஞ்சின் அலறுவது உங்களுக்குப் பிடிக்காது என்றால் அந்த ஆறு பிஎஸ் உங்களுக்கு இல்லாத மாதிரிதான்.

டர்போவிலும் ஒரு குறை உண்டு. 1,750-க்குக் கீழே டர்போ சரியாகச் சுழலாது, அந்த நேரத்தில் உங்களிடம் இருப்பது வெறும் ஒரு லிட்டர் எஞ்சின். வேகத்தடையில் இரண்டாவது கியரிலேயே ஏறி 1,200 ஆர்பிஎம்முக்கு விழுந்துவிட்டால் வண்டி ஒரு கணம் செத்த மாதிரி நிற்கும், பிறகு திடீரென்று பாயும். சிட்டி போன்ற எஞ்சினில் இந்தத் தயக்கம் இருக்காது.

5. சிசி அதிகமா இருந்தா பவரும் அதிகம்தானே?

இல்லை. சிசி என்பது சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு மட்டுமே. பொலேரோவின் 1,493 சிசி டீசல் தருவது 76 பிஎஸ். மேலே சொன்ன விர்டஸின் 999 சிசி தருவது 115. எஞ்சினுக்குள் ஒரு நிமிடத்தில் எவ்வளவு காற்றைத் திணிக்க முடிகிறது என்பதுதான் பவரைத் தீர்மானிக்கிறது. சிசி அதில் ஒரு பங்கு, டர்போ ஒரு பங்கு, ஆர்பிஎம் ஒரு பங்கு.

பிறகு ஏன் பல சிறிய கார்களின் பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள்ளேயே இருக்கிறது என்றால், அதற்கு வரிதான் காரணம். நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருந்தால்தான் சிறிய கார் என்ற வரிச் சலுகை. பவருக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

6. ஒரே பவர் உள்ள ரெண்டு கார், ஒண்ணு பறக்குது, இன்னொண்ணு நகர மாட்டேங்குது. ஏன்?

எடைதான் காரணம். ஸ்விஃப்டும் பொலேரோவும் பவரில் அருகருகே: 82, 76. ஸ்விஃப்ட் சுமார் 920 கிலோ, பொலேரோ சுமார் 1,600. ஒரு டன்னுக்கு எத்தனை பிஎஸ் என்று பாருங்கள். ஸ்விஃப்டுக்கு 89, பொலேரோவுக்கு 47-48. இந்த ஒரே வகுத்தல் கணக்கு பிரோஷரில் இருக்கும் எல்லா விளம்பர வாசகங்களையும்விட அதிகம் சொல்லும். ஆனால் பிரோஷரில் எடையை அச்சிடுபவர்கள் குறைவு. கம்பெனி இணையதளத்தில் ‘கெர்ப் வெயிட்’ என்ற வரியைத் தேடுங்கள். அது டிரைவர் இல்லாத காலி வண்டியின் எடை.

ஆள் ஏறினால் கணக்கு மாறும். 70 கிலோ டிரைவர் மட்டும் இருந்தால் ஸ்விஃப்ட் டன்னுக்கு 83 பிஎஸ். ஐந்து பேரும் 40 கிலோ பெட்டிகளும் ஏறினால் 63, அதாவது நான்கில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. கனமான வண்டிக்கு இந்த அடி குறைவு. பொலேரோவில் அதே சுமை ஏறினால் 46-லிருந்து 38-க்கு இறங்கும், ஆறில் ஒரு பங்குதான். சின்னக் காரில் தனியாக டெஸ்ட் டிரைவ் போய்விட்டு, டெலிவரிக்குப் பிறகு குடும்பத்தோடு ஏறி ‘ஷோரூம் வண்டி வேற மாதிரி இருந்துச்சு’ என்று சொல்பவர்களின் புகாருக்கு விளக்கம் இதுதான்.

எங்கள் கணிப்பில், முழுச் சுமையோடு டன்னுக்கு 60-க்குக் கீழே போகும் கார், நெடுஞ்சாலையில் முந்தும்போது திட்டமிட்டு ஓட்ட வேண்டிய கார். 80-க்கு மேல் என்றால் கவலை வேண்டாம்.

7. புது ஸ்விஃப்ட்ல பவரைக் குறைச்சிட்டாங்களே, பழசே வாங்கிடலாமா?

2021 முதல் 2024 வரை வந்த நான்கு சிலிண்டர் எஞ்சின் 90 பிஎஸ், 113 என்எம். அதற்குப் பின் வந்த மூன்று சிலிண்டர் எஞ்சின் 82 பிஎஸ், 112 என்எம். டார்க் கிட்டத்தட்ட அதே அளவு என்பதால் நடு ஆர்பிஎம் வரை பெரிய வித்தியாசம் தெரியாது. குறைந்த எட்டு பிஎஸ்ஸும் உச்ச ஆர்பிஎம்மில் இருந்தவை. பதிலுக்கு மைலேஜ், மேனுவலில் கம்பெனி கணக்குப்படி 22.4-லிருந்து 24.8 ஆனது. எஞ்சினை விரட்டி ஓட்டுபவருக்கு இது நஷ்டம். மற்றவர்கள் அதிர்வை மட்டும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம்.

8. ஹைவேல நூறுல போறதுக்கு எத்தனை பிஎஸ் தேவைப்படும்?

ஆச்சரியப்படுவீர்கள்: சமதளத்தில் ஒரு ஹேட்ச்பேக்குக்கு சக்கரத்தில் 17 பிஎஸ் போதும். அதில் 12 காற்றைக் கிழிக்க, மீதி டயர் உருள. வேகம் 140 ஆனால் 40 பிஎஸ். 180 என்றால் 80. காற்றுத் தடைக்குத் தேவையான பவர் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதால் வேகம் இரட்டிப்பானால் காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு வேண்டும். 82 பிஎஸ் கார் 165-ஐ ஒட்டித் திணறி நிற்பதும், பவரை இரண்டு மடங்காக்கினாலும் உச்ச வேகம் கால்வாசி மட்டுமே கூடுவதும் இதனால்தான்.

ஆகவே நூறில் நிதானமாகப் போக எந்தக் காரும் போதும். மிச்சமிருக்கும் பவர் எதற்கு என்பது அடுத்த கேள்வி.

9. அப்போ 80 பிஎஸ்ஸுக்கும் 120 பிஎஸ்ஸுக்கும் நிஜத்துல என்ன வித்தியாசம்?

லாரியை முந்தும்போது தெரியும். இரண்டு பேரோடு 1,200 கிலோ இருக்கும் கார் 60-லிருந்து 100-க்கு ஏற, தடைகள் போக, சுமார் 296 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். தடைகளைச் சமாளித்த பிறகு சராசரியாக 34 பிஎஸ் (25 கிலோவாட்) மிஞ்சினால் 12 நொடி. 54 பிஎஸ் (40 கிலோவாட்) மிஞ்சினால் ஏழரை நொடிக்குள். அந்த நாலரை நொடியில் கார் எதிர்த் தடத்தில் ஓடும் தூரம் ஏறத்தாழ 100 மீட்டர். இருவழிச் சாலையில் எதிரே பஸ் வரும்போது அந்த 100 மீட்டர்தான் நீங்கள் கூடுதலாகக் கொடுத்த காசு.

பவர் குறைந்த காரில் இதைப் பாதி சரிக்கட்டலாம். முந்தத் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு இறக்கி, ஊசி 3,500-ஐத் தாண்டிய பிறகு வெளியே எடுங்கள். ஐந்தாவது கியரிலேயே மிதித்துக்கொண்டு போவதுதான் பலரும் செய்யும் தவறு. 60 கிலோமீட்டரில் ஐந்தாவது கியர் என்றால் எஞ்சின் 2,000-ஐக்கூடத் தொடாது, உங்கள் 82 பிஎஸ் அங்கே 25-தான்.

10. ஊட்டி ஏறும்போது வண்டி இழுக்கல. எஞ்சின் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத எஞ்சினுக்கு பவரும் அதே அளவு குறையும். சென்னையில் 82 பிஎஸ் தந்த வண்டி அங்கே 66 தான் தரும். டர்போ எஞ்சின் குறைந்த காற்றையும் கூடுதலாக அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பின் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடும்.

அதோடு ஏற்றம். பத்துக்கு ஒன்று சரிவில், 1,300 கிலோ மொத்த எடையோடு 40 கிலோமீட்டரில் ஏற, சக்கரத்தில் 22 பிஎஸ் வேண்டும். மூன்றாவது கியரில் எஞ்சின் சுமார் 2,000-ல் சுற்றும். 100 என்எம் என்று வைத்தால் 28 பிஎஸ். உயரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு, கியர்பாக்ஸ் உராய்வுக்குச் சுமார் 15 சதவீதம் கழித்தால் மிஞ்சுவது 19. போதாது, திணறும். இரண்டாவது கியருக்கு இறக்கினால் ஆர்பிஎம் 3,000, அதே கழிவுகள் போக 29 பிஎஸ், தாராளம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே விதிதான்: வளைவுக்குள் நுழையும் முன்பே கியரை இறக்குங்கள், வளைந்த பிறகு அல்ல.

இரண்டாவது கியரில் 3,000-க்கு மேல் வைத்தும் இழுக்கவில்லை என்றால்தான் கோளாறு. அதற்கு 18-வது கேள்வியைப் பாருங்கள்.

11. ஏசி போட்டா எவ்வளவு பவர் போகும்?

கம்ப்ரஸர் ஓடும்போது 3 முதல் 5 பிஎஸ் வரை. உச்சத்தில் 82 இருக்கும்போது அது பெரிதல்ல. 1,500 ஆர்பிஎம்மில் மொத்தமே 20 சொச்சம் இருக்கும்போது நன்றாகவே தெரியும். முழுதாக மிதித்தால் கம்ப்ரஸரைச் சில நொடி தானாகவே துண்டிக்கும் ஏற்பாடு பல கார்களில் உண்டு. முந்துவதற்காக ஏசியை அணைக்கக் கையை நீட்ட வேண்டியதில்லை.

12. சிஎன்ஜி வாங்கினா பவர் ரொம்பக் குறையுமா?

ஸ்விஃப்ட் பெட்ரோல் 82 பிஎஸ், சிஎன்ஜியில் 70. எரிவாயு உள்ளே போகும்போது காற்றுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, எரிவதற்கும் நேரம் எடுக்கிறது. அதற்கு மேல் சிலிண்டரின் எடை வேறு. ஆறாவது கேள்வியின் கணக்கைப் போட்டால் நான்கு பேரோடு போகும்போது டன்னுக்கு 55 அளவுக்கு வந்துவிடும். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் ஓட்ட இது போதும். முந்தும்போதும் மலை ஏறும்போதும் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சுவிட்ச் அதற்குத்தான் இருக்கிறது.

13. ஒரே எஞ்சின்தான், ஆனா ஏஎம்டி மெதுவாப் போற மாதிரி இருக்கே?

ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை மோட்டார் மிதிக்கிறது. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் பவர் ஒரு கணம் முழுதாக அறுந்துபோகும். தலை முன்னே சாய்ந்து பின்னே போவது அதனால்தான். இரட்டை கிளட்ச் பெட்டியில் அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக இருப்பதால் இந்த இடைவெளி இல்லை. கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக் பெட்டியான சிவிடி நேராக உச்ச பவர் ஆர்பிஎம்முக்குப் போய் அங்கேயே நிற்கும், சத்தம் வேகத்தைவிட முன்னால் ஓடுவது போலத் தோன்றும். ஆனால் கடிகாரம் வைத்துப் பார்த்தால் மோசமில்லை. ஏஎம்டியில் முந்த வேண்டுமென்றால் மேனுவல் முறைக்கு மாற்றி, கியரை நீங்களே இறக்கிவிட்டுப் பிறகு மிதியுங்கள்.

14. எலெக்ட்ரிக் கார்ல கம்மி பிஎஸ் போட்டிருந்தாலும் சீறுதே, எப்படி?

2020-ல் வந்த நெக்ஸான் எலெக்ட்ரிக் 129 பிஎஸ், 245 என்எம், சுமார் 1,400 கிலோ. பெட்ரோல் நெக்ஸான் 120 பிஎஸ், 170 என்எம், அதைவிட ஒன்றரை நூறு கிலோ இலகு. டன் கணக்கில் பெட்ரோல்தான் கொஞ்சம் முன்னால். ஆனால் சிக்னலில் எலெக்ட்ரிக் போய்விடும்.

மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு 245 என்எம்மையும் தருகிறது. மூன்றாவது கேள்வியின் கணக்கைத் திருப்பிப் போட்டால் சுமார் 3,700 ஆர்பிஎம்மில் 129 பிஎஸ்ஸைத் தொட்டுவிடுகிறது, பிறகு வெகுநேரம் அங்கேயே நிற்கிறது. கியர் இல்லை, டர்போ காத்திருப்பு இல்லை. பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் உச்சத்திலிருந்து கீழே விழுந்து மறுபடி ஏற வேண்டும். ஆக, எலெக்ட்ரிக் காரில் அச்சிட்ட பிஎஸ் பெரும்பாலான நேரம் உண்மையிலேயே கிடைக்கிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று. அச்சிடுவது குறுகிய நேர உச்ச பவர். பேட்டரி கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தாலோ, தொடர்ந்து விரட்டி மோட்டார் சூடாகியிருந்தாலோ கார் தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும்.

15. ஹைப்ரிட்ல எஞ்சின் 92, மோட்டார் 80. கூட்டினா 172 வரணும், 116-னு போட்டிருக்காங்க. தப்பா அச்சடிச்சுட்டாங்களா?

கிராண்ட் விட்டாராவின் எண்கள் இவை, அச்சுப் பிழை இல்லை. மோட்டாருக்கு 80 பிஎஸ் தாங்கும் திறன் உண்டு. அதற்கு மின்சாரம் தரும் பேட்டரி சிறியது, அவ்வளவு வேகமாக வெளியேற்ற முடியாது. எஞ்சினும் மோட்டாரும் ஒரே வேகத்தில் உச்சத்தைத் தொடுவதும் இல்லை. ஒப்பிடும்போது 116 என்ற மொத்தக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தனித்தனி எண்களைக் கூட்டிச் சொல்லும் விற்பனையாளரிடம் ‘மொத்த சிஸ்டம் பவர் எவ்வளவு’ என்று கேளுங்கள்.

16. 95, 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டா ஹெச்பி ஏறுமா?

சாதாரண எஞ்சினில் ஏறாது. ஆக்டேன் என்பது பெட்ரோலில் இருக்கும் ஆற்றலின் அளவு அல்ல, நாக்கிங் (நேரம் தவறித் தானாக வெடிப்பது) இல்லாமல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதன் அளவு. நம் சாதாரண பெட்ரோல் நீண்ட காலம் 91 ஆக்டேனாக இருந்தது, கம்பெனிகள் அதற்கேற்பத்தான் எஞ்சினைச் சரிசெய்தன. வெயிலில் முழுச் சுமையோடு ஓடும் டர்போ எஞ்சின், நாக்கிங்கைத் தவிர்க்க இக்னிஷன் நேரத்தைப் பின்னுக்கு இழுக்கும். அங்கே கூடுதல் ஆக்டேன் போட்டால் இழந்ததைக் கொஞ்சம் மீட்கலாம்.

எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் லிட்டருக்கு ஆற்றல் 6-7 சதவீதம் குறைவு. அந்த அடி விழுவது மைலேஜில். பவரில் பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் அதற்குத் தயாரான எஞ்சின் கூடுதலாக எரிபொருளைப் பீய்ச்சிச் சரிக்கட்டிவிடும்.

17. ரீமேப் பண்ணா 115, 145 ஆகும்னு சொல்றாங்க. பண்ணலாமா?

ரீமேப் என்பது எஞ்சினின் கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராமை மாற்றுவது. டர்போ எஞ்சினில் அந்த எண் சாத்தியமே. டர்போவின் அழுத்தத்தைக் கூட்டினால் போதும். டர்போ இல்லாத எஞ்சினில் ரீமேப் செய்தால் ஐந்தாறு பிஎஸ் கிடைப்பதே அதிர்ஷ்டம். ஏர் ஃபில்டரை மட்டும் மாற்றினால் கிடைப்பது சத்தம்.

பிரச்சினை எஞ்சினில் இல்லை, அதற்குப் பின்னால். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏழு வேக உலர் கிளட்ச் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச்) பெட்டியின் வரம்பு 250 என்எம். 1.5 டிஎஸ்ஐ எஞ்சின் சரியாக 250 என்எம்மில் நிற்பதைக் கவனியுங்கள். அதன் மேல் 60 என்எம் ஏற்றினால் கிளட்ச் வழுக்கும், சூடாகும், மாற்றும் செலவு லட்சத்தில். மேனுவல் என்றாலும் முதலில் போவது கிளட்ச் தட்டுதான்.

வாரண்டி போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதும், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கிளெய்மில் சிக்கல் வரலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. எங்கள் அபிப்பிராயம்: அந்தக் காசை நல்ல டயரில் போடுங்கள்.

18. செகண்ட் ஹேண்ட் கார்ல பவர் குறைஞ்சிருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

முதலில் கிளட்ச். காலிச் சாலையில் 50 கிலோமீட்டரில் நான்காவது கியர் போட்டு முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் ஊசி துள்ளி ஏறி வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சின் தரும் பவர் சக்கரத்துக்குப் போகவில்லை. அடுத்து எஞ்சின்: கம்ப்ரஷன் டெஸ்ட் போடச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் ரிங், வால்வு, ஹெட் கேஸ்கெட் இவற்றில் ஒன்றில் கசிவு. டர்போ வண்டி 2,500-ஐத் தாண்ட மறுத்தால் பெரும்பாலும் இன்டர்கூலர் ஹோஸ் வெடிப்பு அல்லது ஏதோ சென்சார் பழுதால் லிம்ப் மோடு, அதாவது எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே பவரைக் குறைக்கும் நிலை. ஸ்கேனரை மாட்டினால் தெரிந்துவிடும். நடு ஆர்பிஎம் வரை நன்றாக ஓடி மேலே மூச்சு முட்டினால் அடைத்த ஏர் ஃபில்டரையும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் பாருங்கள்.

ஒழுங்காக ஆயில் மாற்றிய எஞ்சின் ஒரு லட்சம் கிலோமீட்டரிலும் பவரைப் பெரிதாக இழப்பதில்லை. ‘பழசு, அப்படித்தான் இருக்கும்’ என்ற பதிலை ஏற்காதீர்கள்.

19. டைனோல ஏத்திப் பாத்தா 115-க்கு 98 தான் வருது. கம்பெனி ஏமாத்துதா?

ஏமாற்றவில்லை. கம்பெனி சொல்வது எஞ்சின் தண்டில் அளந்த பவர். பவர் அளக்கும் இயந்திரமான டைனோ அளப்பது சக்கரத்தில். இடையில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் ஆகியவை தின்பது சுமார் 15 சதவீதம், ஆல் வீல் டிரைவில் அதற்கும் மேல். 98 என்பது நல்ல எண். அதே காரை வேறு டைனோவில், வேறு வெயிலில் ஏற்றினால் நாலைந்து பிஎஸ் மாறும். ரீமேப்புக்கு முன்னும் பின்னும் அளப்பதென்றால் ஒரே இயந்திரத்தில், ஒரே நாளில் அளக்க வேண்டும். அப்படி அளக்காத எண்ணுக்கு மதிப்பில்லை.

20. டெஸ்ட் டிரைவ்ல பவரை எப்படிச் சோதிக்கறது? பத்து நிமிஷம்தான் தர்றாங்க.

0-100 நேரத்தை மறந்துவிடுங்கள். அதற்கு இடமும் கிடைக்காது, கிளட்சை எரித்துக்கொண்டு அப்படிக் கிளம்புபவர்களும் இல்லை. பின் சீட்டில் இரண்டு பேரை ஏற்றுங்கள், ஏசியைப் போடுங்கள். மூன்றாவது கியரில் 40-லிருந்து 80 வரை முழுதாக மிதித்து, நேரத்தை ஒருவர் போனில் அளக்கட்டும். ஸ்பீடோமீட்டர் வழக்கமாகக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், ஜிபிஎஸ் செயலியின் வேகத்தைப் பாருங்கள். ஒப்பிடும் இரண்டு கார்களிலும் இதையே செய்யுங்கள். பிறகு இரண்டாவது கியரில் 15 கிலோமீட்டருக்கு இறக்கி மெல்ல மிதியுங்கள். நகர நெரிசலில் வண்டி எப்படி நடக்கும் என்பது அதில் தெரியும். வழியில் ஒரு மேம்பாலம் இருந்தால் நான்காவது கியரில் 40-ல் ஏறிப் பாருங்கள்.

ஆட்டோமேட்டிக் என்றால் 60-ல் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று முழுதாக மிதியுங்கள். மிதித்ததற்கும் வண்டி பாய்வதற்கும் நடுவில் எத்தனை கணம் போகிறது என்பதை எந்தப் பிரோஷரும் சொல்லாது.

21. எங்க டிராக்டர் 45 ஹெச்பிதான். கரும்பு லோடு இழுக்குது. 82 பிஎஸ் கார் இழுக்குமா?

இழுக்காது, ஆனால் காரணம் பவர் இல்லை. பவரை வேகத்தால் வகுத்தால் இழுவிசை. 45 ஹெச்பியை மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் செலவிட்டால் கணக்குப்படி மூன்று டன் விசை வரும். டிராக்டரின் கியர்கள் அவ்வளவு மெதுவான வேகத்துக்கென்றே செய்தவை. அந்த விசையைத் தரையில் பதிக்க இரண்டு டன் எடையும் ஆளுயரப் பின் டயரும் இருக்கின்றன. அப்போதும் ஈர மண்ணில் முதலில் வழுக்குவது டயர்தான், எஞ்சின் அல்ல. காரின் முதல் கியரில் 4 கிலோமீட்டரில் போனால் எஞ்சின் நின்றுவிடும், நிற்காமல் வைக்கக் கிளட்சை வழுக்கவிட்டால் சில நிமிடத்தில் கருகும்.

இன்னொன்று, டிராக்டர் எஞ்சின் தன் 45 ஹெச்பியைச் சுமார் 1,900 ஆர்பிஎம்மில் தருகிறது, உழவு முடியும் வரை மணிக்கணக்கில் தரவும் செய்கிறது. கார் எஞ்சினும் ரேடியேட்டரும் 5,700-ல் நாள் முழுக்க நிற்கச் செய்தவை அல்ல. டிராக்டர் வாங்கும்போது எஞ்சின் ஹெச்பியோடு, கருவிகளைச் சுழற்றும் பின்தண்டில் கிடைக்கும் பிடிஓ ஹெச்பியையும் கேளுங்கள். ரோட்டவேட்டருக்குப் போய்ச் சேருவது இரண்டாவது எண்தான்.